தமிழ்ப் படத்துக்கும் தமிழில் சப்டைட்டில் வேண்டும்



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். நான் சொல்ல வருவது இரண்டே விஷயம். தமிழ்ப் படமானாலும் சரி, நம் வீட்டு விசேஷ வீடியோவானாலும் சரி, அதற்குத் தமிழிலேயே சப்டைட்டில் வேண்டும். அந்த சப்டைட்டில் படத்தோடு படமாக ஒட்டிப்போகாமல், வேண்டும்போது போடவும் வேண்டாதபோது எடுக்கவும் முடிகிற தனி எழுத்தாக இருக்க வேண்டும்.

"ஆங்கிலப் படத்துக்குத் தமிழ் எழுத்து என்றால் சரி. தமிழ்ப் படத்துக்கே தமிழ் எழுத்து எதுக்கு சார்?" என்று கேட்பீர்கள். தாராளமாகக் கேளுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்களைத்தான் எனக்கு இன்றும் பெயரோடு ஞாபகம் இருக்கிறது.

முதல் காரணம் காது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவித்திறன் குறைந்திருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதாகும்போது காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. ச, த, ட போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுவது உயர் அதிர்வெண் பகுதி. அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள் "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் புரியல" என்கிறார்கள். டிவி சத்தத்தைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்து கூடுகிறது. வசனம் தெளிவாவதில்லை.

என் பெரிய அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். தேர்வு நேரத்தில் வீட்டுக்குப் படிக்க வந்தவர்களுக்கெல்லாம் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தவர். இப்போது வயது 81. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வரி விடாமல் படித்து வளர்ந்தவர். இன்றும் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாளை முழுக்க முடித்துவிடுவார். ஆங்கிலம் மட்டும் தெரியாது. ஓடிடியில் தமிழ்ப் படம் போட்டால் அடியில் பெரும்பாலும் ஆங்கில வரிதான் ஓடுகிறது. தமிழ் தெரியாதவர்களுக்கு எழுத்து இருக்கிறது, காது நன்றாகக் கேட்பவர்களுக்கு ஒலி இருக்கிறது. அக்காவுக்கு இரண்டும் இல்லை. முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை நிறுத்தினார். பிறகு படம் போட்டால் எட்டு மணிக்கே படுக்கப் போய்விடுவார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர் இருந்து பார்ப்பதற்கும் அதில் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

இரண்டாவது காரணம் கண். பிரிஜ் கோத்தாரி என்பவர் 1996இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, நண்பர்களோடு ஒரு ஸ்பானிஷ் படம் பார்த்தார். அவர் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருந்த சமயம். அடியில் ஓடும் வரி ஆங்கிலத்தில் இல்லாமல் ஸ்பானிஷிலேயே இருந்தால் எவ்வளவு சுலபமாகக் கற்றுக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. இந்தியா திரும்பி, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் இருந்துகொண்டு அந்த யோசனையைச் செயல்படுத்தினார். 1999இல் அகமதாபாத் தூர்தர்ஷனில் குஜராத்தி திரைப்பாடல்களுக்குக் குஜராத்தியிலேயே வரி ஓடியது. பிறகு நாடு முழுக்கத் தெரியும் 'சித்ரஹார்', 'ரங்கோலி' நிகழ்ச்சிகளில் இந்திப் பாடல்களுக்கு இந்தி வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையிலேயே நின்றுபோனவர்கள், ஏற்கெனவே மனப்பாடமான பாட்டின் வரியைக் கண்ணால் தொடரும்போது தம்மையறியாமல் வாசிப்பில் முன்னேறுகிறார்கள் என்பதுதான் அதன் அடிப்படை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறார்கள், படிப்பதில்லை. மெல்போர்னில் இருக்கும் பேரனை மட்டும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் ஆங்கிலவழியில் படிக்கும் பேத்தியும் அப்படித்தான். அவர்களைப் பாடப்புத்தகத்தோடு உட்கார வைக்க நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அவர்களாகவே விரும்பி நூறு தடவை பார்க்கும் பாட்டுக்கு அடியில் தமிழ் எழுத்து ஓடட்டும். பாதி வேலை தானாக நடக்கும்.

இனி, 'தனி எழுத்து' என்று சொன்னேனே, அது என்ன என்று பார்ப்போம்.

எஸ்.ஆர்.டி. என்று முடியும் ஒரு ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒரு மர்மமும் இல்லை. முதல் வரியில் வரிசை எண். இரண்டாவது வரியில் எழுத்து எப்போது தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்று இரண்டு நேரங்கள். 00:12:05,300 என்று இருந்தால் 12 நிமிடம், 5 விநாடி, 300 மில்லிவிநாடி. மூன்றாவது வரியில் வசனம். பிறகு ஒரு வெற்று வரி. அவ்வளவுதான், இதே அமைப்பு கடைசி வரை. டிவிடியில் சப்டைட்டில்கள் எழுத்தாக இல்லாமல் படங்களாகப் பதிந்திருக்கும். அவற்றைப் படித்து எழுத்தாக மாற்ற 'சப்ரிப்' என்று ஒரு மென்பொருள் செய்தார்கள். அதிலிருந்து வந்த வடிவம் இது. மூன்று மணி நேரப் படத்தின் மொத்த வசனமும், உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது.

ஒரு வீடியோ ஃபைலை டிபன் கேரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்.பி.4, எம்.கே.வி. என்பதெல்லாம் கேரியரின் பெயர்தான். ஒரு அடுக்கில் காட்சி, ஒன்றில் ஒலி, இன்னொன்றில் எழுத்து. தமிழ் ஓர் அடுக்கு, ஆங்கிலம் ஓர் அடுக்கு என்று எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். யாருக்கு எது வேண்டுமோ அதைத் திறந்துகொள்வார்கள். எழுத்தைப் படத்தின் மேலேயே பதித்துவிடுவது, சோற்றையும் குழம்பையும் பிசைந்து கட்டிக் கொடுப்பது மாதிரி. உப்பு ஆகாதவருக்கு அதிலிருந்து உப்பைப் பிரித்து எடுக்க முடியுமா?

எங்கள் உறவில் ஒரு மணிவிழா நடந்தது. வீடியோ எடுத்தவர், வெளிநாட்டு மருமகளுக்குப் புரியட்டும் என்று நல்ல எண்ணத்தில் பேச்சுகளுக்கெல்லாம் ஆங்கில வரி சேர்த்து, அதைப் படத்தின் மேலேயே பதித்துக் கொடுத்தார். அக்காவுக்காகத் தமிழ் வரி சேர்க்கலாம் என்று எழுத்தில்லாத பிரதி கேட்டேன். "வேலை முடிஞ்சதும் அழிச்சிட்டோம் சார்" என்றார்கள். இப்போது தமிழைப் போட்டால் ஆங்கிலத்தின் மேல் ஏறி உட்காருகிறது. இரண்டும் படிக்க முடியவில்லை. அந்த விழாவில் பேசிய மூன்று பெரியவர்களில் ஒருவர் இன்று இல்லை. அவர் பேச்சு அக்காவுக்கு எட்டாமலே இருக்கிறது.

இப்போது செய்முறைக்கு வருகிறேன். நான் பரிந்துரைப்பது வி.எல்.சி. பிளேயர். ஆரஞ்சு நிறக் கூம்பு படம் போட்டிருக்குமே, அதுதான். பாரிஸுக்கு அருகே எக்கோல் சாந்த்ரால் என்ற பொறியியல் கல்லூரியில் 1996இல் மாணவர்கள் தொடங்கிய திட்டம் அது. கல்லூரி வலையமைப்பு வழியாகத் தொலைக்காட்சியைத் தங்கள் அறைகளுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அங்கே மாணவர்கள் சாலையோரக் கூம்புகளைச் சேகரித்து வைத்திருந்தார்களாம், அதுவே சின்னமாகிவிட்டது. 2001இல் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். இன்று வரை காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன், ஆண்ட்ராய்டு டிவி எல்லாவற்றிலும் ஓடும். மாணவர்கள் செய்த வேலை என்பதால் எனக்கு அதன் மேல் கூடுதல் பிரியம், மறைக்கவில்லை.

படத்துக்கும் சப்டைட்டில் ஃபைலுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போடுங்கள். வி.எல்.சி. தானாகவே எடுத்துக்கொள்ளும். பென் டிரைவில் அப்படியே போட்டுச் செருகினால் பல டிவிகளும் எடுத்துக்கொள்ளும். எழுத்தின் அளவை அமைப்புகளுக்குள் போய்ப் பெரிதாக்கலாம். பெரியவர்களுக்கு முதலில் அதைச் செய்து கொடுங்கள்.

அடுத்தது எல்லோரும் புலம்பும் பிரச்சினை: "எழுத்து ஒரு நேரம் வருது, பேச்சு ஒரு நேரம் வருது சார்." பிள்ளைகளே, இது கணக்கு. இந்த வித்தியாசம் கூட்டலா, பெருக்கலா என்று மட்டும் பாருங்கள். படத்தின் தொடக்கத்தில் ஓர் இடம், கடைசியில் ஓர் இடம் பாருங்கள். இரண்டு இடத்திலும் இடைவெளி ஒரே அளவாக இருந்தால் அது கூட்டல். லேப்டாப்பில் வி.எல்.சி. ஓடும்போது, எழுத்து முந்தினால் எச் விசை, பிந்தினால் ஜி விசை. ஒரு தட்டுக்கு 50 மில்லிவிநாடி நகரும். அதாவது 20 தட்டு ஒரு விநாடி. செல்போனில் சப்டைட்டில் மெனுவுக்குள் அதே வசதி இருக்கும்.

இடைவெளி போகப் போக வளர்ந்தால் அது பெருக்கல். சினிமா விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுகிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையும் அதற்கான டிவிடியும் விநாடிக்கு 25 ஃபிரேம். 150 நிமிடப் படத்தை 25இல் ஓட்டினால் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். 24க்கு எழுதிய சப்டைட்டிலை அதற்குப் போட்டால், முதல் காட்சியில் வித்தியாசமே தெரியாது. ஒரு மணி நேர வசனம் 2 நிமிடம் 24 விநாடி பிந்தும். கடைசி வசனம் 6 நிமிடம் பிந்தும். ஜி விசையை எத்தனை தட்டு தட்டினாலும் தீராது. எல்லா நேரத்தையும் 0.96 ஆல் பெருக்க வேண்டும். 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் ஃபிரேம் விகிதத்தை மாற்றச் சொன்னால் ஒரே நொடியில் செய்து தரும். "இந்த விகிதக் கணக்கெல்லாம் வாழ்க்கையில எங்க சார் வரப்போகுது?" என்று கடைசி பெஞ்சில் இருந்து கேட்ட குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தம்பி, இதோ வந்துவிட்டது.

மூன்றாவது பிரச்சினை தமிழ் எழுத்துக்கே உரியது. சில பழைய ஃபைல்களைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரும். அவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து; அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் தமிழாகக் காட்சி தரும். டிவிக்குள் அந்த எழுத்துரு ஏது? யூனிகோடில் அப்படியில்லை. அ என்றால் 2949, க என்றால் 2965 என்று தமிழின் குறிகளுக்கெல்லாம் உலகம் முழுக்க ஒரே எண். அதனால் தமிழை யூனிகோடில் தட்டி, சேமிக்கும்போது யு.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்.

அப்படிச் செய்தும் சில டிவிகளில் 'கொ' உடைந்து வரும். ஃபைலில் க முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் இருக்கும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இரு பக்கமும் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த அறிவு இல்லாத டிவி, எழுத்தைத் தனியாகவும் குறியைப் புள்ளி வட்டத்தோடும் காட்டும். அப்போது டிவியின் சொந்த பிளேயரை விட்டுவிட்டு, ஆண்ட்ராய்டு டிவியாக இருந்தால் அதிலேயே வி.எல்.சி.யை நிறுவுங்கள். இல்லாவிட்டால் லேப்டாப்பை எச்.டி.எம்.ஐ. கேபிளில் இணையுங்கள்.

சென்ற ஆண்டு 1996 பத்தாம் வகுப்பு செட் பிள்ளைகள் கூடினீர்களே, அந்த வீடியோவை எழுத்து எதுவும் பதிக்காமல் அனுப்பி வைத்தீர்கள். 42 நிமிடம். நான்கு மாலைப்பொழுதுகளில் உட்கார்ந்து நீங்கள் பேசியதையெல்லாம் தமிழில் தட்டினேன். 500 வரிக்குக் கொஞ்சம் மேல் வந்தது. அக்காவுக்குப் பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினோம். லாரி டிரைவராக இருக்கும் தம்பி என்னைப் போலவே பேசி நடித்துக் காட்டினானே, அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தபோது அக்காவும் சிரித்தார். அதைக் கவனித்தேன். அவர் சிரிப்பு மற்றவர்களுக்குப் பின்னால் வரவில்லை. மற்றவர்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் இல்லை. அதே நொடியில் வந்தது. அன்று இரவு பத்தரை வரை ஹாலில்தான் இருந்தார்.

மறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"எழுத்து ஓடினால் கண் அங்கேயே போகிறது, நடிப்பைப் பார்க்க முடியவில்லை." நியாயம். அதற்காகத்தான் தனி எழுத்து வேண்டும் என்கிறேன். உங்களுக்கு வேண்டாமென்றால் நிறுத்துங்கள். அக்காவுக்கு வேண்டும்போது இருக்கட்டும்.

"வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டுமென்றால் பதித்துத்தானே ஆக வேண்டும்?" உண்மை. அங்கே தனி அடுக்குக்கு இடமில்லை. அனுப்புவதற்கென்று ஒரு பிரதியில் பதித்துக்கொள்ளுங்கள். எழுத்தில்லாத மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள்.

"இனிமேல் கணினியே எழுதிவிடும், நாம் எதற்குத் தட்ட வேண்டும்?" ஓரளவு சரி. 2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில், இணையம் இல்லாமலே பேச்சைக் கேட்டு சப்டைட்டில் எழுதும் வசதியை வி.எல்.சி.காரர்கள் காட்டினார்கள். நல்ல முன்னேற்றம், வரவேற்கிறேன். ஆனால் நெல்லைப் பேச்சும், குலதெய்வத்தின் பெயரும், பாட்டி சொல்லும் பழமொழியும் இயந்திரத்துக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. முதல் வரைவை அது தரட்டும். திருத்த மனிதர் வேண்டும். திருத்துவதற்கும் எழுத்து தனி ஃபைலாக இருந்தால்தானே முடியும்?

ஓடிடியில் ஓடும் படத்துக்கு நாமாக எழுத்தைச் சேர்க்க முடியாது. அவர்கள் கொடுப்பதுதான். அங்கே நம் வேலை கேட்பது. இது தயவு கேட்கும் விஷயமும் அல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, மின்னணு ஊடகங்கள் அவர்களுக்கும் எட்டும்படி எழுத்து வரி, சைகை மொழி, ஒலி விவரிப்பு ஆகியவற்றுக்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2019இல் தொலைக்காட்சிக்கும், 2024இல் திரையரங்குகளுக்கும் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. காகிதத்தில் இருப்பது வீட்டுக்கு வர வேண்டுமானால் கேட்பவர் எண்ணிக்கை கூட வேண்டும். தமிழ்ப் படத்தில் தமிழ் வரி இல்லையென்றால், அந்தச் செயலியின் உதவிப் பகுதியில் போய் இரண்டு வரி எழுதுங்கள். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கிழவன் எழுதினால் ஒரு கடிதம். நீங்கள் எல்லோரும் எழுதினால் அது கணக்கில் வரும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது:

1. வீட்டு விசேஷத்துக்கு வீடியோ எடுப்பவரிடம், எழுத்து பதிக்காத பிரதியும் வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

2. சினிமாவிலும், குறும்படம், யூடியூப் பக்கமும் இருக்கும் பிள்ளைகள், ஆங்கில வரி எழுதும்போதே தமிழ் வரியும் எழுதுங்கள். உங்கள் கையில் வசனப் பிரதி ஏற்கெனவே தமிழில்தானே இருக்கிறது? நேரத்தை ஒருமுறை குறித்தால் இரண்டு மொழிக்கும் அதுவே போதும்.

3. மென்பொருள் வேலையில் இருக்கும் பிள்ளைகள், உங்கள் நிறுவனம் டிவிக்கோ செட் டாப் பாக்ஸுக்கோ ஏதாவது செய்தால், 'கொ', 'கோ', 'கௌ' மூன்றையும் ஒருமுறை திரையில் போட்டுச் சோதித்துவிடுங்கள்.

4. வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் "சத்தத்தைக் கூட்டட்டுமா?" என்று கேட்பதோடு, "எழுத்து போடட்டுமா?" என்றும் கேளுங்கள்.

உங்கள் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி பேசிய வீடியோ ஏதாவது இருந்தால் அதற்குத் தமிழ் வரி எழுதத் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். அவர்கள் பேசிய வழக்கிலேயே எழுதுங்கள். இலக்கணத் தமிழாக்க வேண்டாம். முடித்துவிட்டு ஃபைலை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். எங்கள் ஓய்வுபெற்றோர் கூட்டத்தில் தமிழையா இருவர் இருக்கிறார்கள். இருவருக்கும் கண்ணும் நேரமும் நன்றாக இருக்கின்றன. நேரத்தை நீங்கள் குறியுங்கள். ஒற்றுப்பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்